செந்நிற ஈயக் கனிமம் குரோக்கோயிட்: அடையாளமும் விலையும்

ஆரஞ்சு கலந்த சிவப்பில் நீண்ட கோல்களாக வளர்ந்த படிகங்கள். அளவைப் பார்த்தால் எதிர்பார்க்க முடியாத கனம். இப்படியொரு கல் கைக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் ஒரே மூச்சில் கிளம்புகின்றன: இது என்ன, என்ன விலை போகும்? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதும் தானாகத் தெரிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். குரோக்கோயிட் என்ற ஈயக் குரோமேட் கனிமத்தின் விஷயத்தில் இந்த நம்பிக்கை பெரும் இழப்புக்கு இட்டுச்செல்கிறது. அதன் வேதிப் பெயரை நல்ல ஆய்வுக்கூடம் ஒன்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். விலையோ, அந்தப் படிகம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது, எந்த நிலையில் இருக்கிறது, இரண்டுக்கும் சான்று என்ன என்பவற்றைப் பொறுத்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறப்பிடம் என்பது விலை பேசும்போது மட்டும் தேவைப்படும் தகவல் என்று கருதுவது தவறு. கனிமத்தை அடையாளம் காணும் வேலையிலேயே அது வலுவான சான்று. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் உலோகக் கணக்கை முடித்துவிடலாம். குரோக்கோயிட்டின் எடையில் ஏறத்தாழ 64 விழுக்காடு ஈயம், 16 விழுக்காடு குரோமியம், மீதி ஆக்சிஜன். 100 கிராம் எடையுள்ள மாதிரியில் 64 கிராம் ஈயம் இருக்கும். உலகச் சந்தையில் ஈயம் டன் 2000 டாலரை ஒட்டி விற்கும்போது இதன் மதிப்பு 13 சென்ட். அதே 100 கிராம், முனை சிதையாத படிகங்களுடன் டாஸ்மேனியாவிலிருந்து வந்ததாக இருந்தால், சேகரிப்பாளர் சந்தையில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகும். மிகச் சிறந்ததாக இருந்தால் ஆயிரக்கணக்கில் போகும். ரத்தினமாகவும் இதைக் கணக்கிட முடியாது. ஒளியை வளைக்கும் திறனில் இது வைரத்துக்கு நிகரானது. ஒளிவிலகல் எண் திசைக்கேற்ப 2.29 முதல் 2.66 வரை போகிறது, வைரத்துக்கோ 2.42. ஆனால் மோ அளவுகோலில் இதன் கடினம் இரண்டரை முதல் மூன்றுக்குள். செப்புக் காசு கீறிவிடும் கல்லை மோதிரத்தில் பதிக்க முடியாது. ஆக உலோகமும் ரத்தினமும் விலையை விளக்கவில்லை. அருமை என்ற ஒன்றுதான் மிச்சம். அந்த அருமை எங்கிருந்து வருகிறது என்பதை நிலவியலில்தான் தேட வேண்டும்.

ஈயமும் குரோமியமும் பூமிக்குள் பொதுவாகச் சேர்ந்து வாழ்வதில்லை. ஈயம் கலீனா என்ற சல்பைடாக, வெந்நீர்க் கரைசல்கள் பாறை வெடிப்புகளில் படிந்து உண்டான நரம்புகளில் கிடைக்கிறது. குரோமியமோ பூமியின் ஆழத்திலிருந்து வந்த, சிலிகா குறைந்து மக்னீசியமும் இரும்பும் மிகுந்த கரும்பாறைகளில், குரோமைட் என்ற ஆக்சைடுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைவதே அபூர்வம். அமைந்தாலும் போதாது. குரோமைட்டில் குரோமியம் மூன்று இணைதிறன் நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது நீரில் அநேகமாகக் கரையாது. காற்றும் மழைநீரும் இறங்கும் மேல்மண்டலத்தில், மாங்கனீசு ஆக்சைடு போன்ற ஒன்று துணைநின்று, அதை ஆறு இணைதிறன் நிலைக்கு ஏற்ற வேண்டும். அப்போதுதான் குரோமேட் நீரில் கரைந்து நகரும். அதே காலத்தில் பக்கத்து நரம்பில் கலீனா சிதைந்து ஈயம் வெளிவந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு கரைசல்களும் ஒரு பொந்தில் சந்தித்து, நிதானமாகப் படிகமாகப் போதிய வெற்றிடமும் அங்கே இருக்க வேண்டும். இத்தனையும் கூடிவந்த இடங்கள் உலகில் சில. உரால் மலையில் பெரெசோவ்ஸ்க், டாஸ்மேனியாவின் மேற்குப் பகுதியில் டண்டாஸ் ஆகியவை முதன்மையானவை. பிரேசிலில் கொங்கோன்யாஸ் வட்டாரம், ஜெர்மனியின் சாக்சனியில் காலென்பெர்க், பிலிப்பைன்ஸில் லாபோ ஆகியவை அடுத்த வரிசையில் வரும்.

தமிழ்நாட்டு நிலவியலே இதற்கு நல்ல எதிர்மறைச் சான்று தருகிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குரோமைட் அடுக்குகள் உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூரில் கலீனா உண்டு. இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒன்றின் குரோமேட்டும் மற்றதன் ஈயமும் சந்திக்க வழியே இல்லை. நாளை ஒருவர் சித்தம்பூண்டியில் எடுத்தது என்று ஒரு குரோக்கோயிட்டைக் கொண்டுவந்து காட்டினால், ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். இது விலைக்கான விசாரணை இல்லை, அடையாளத்துக்கான விசாரணை. எந்தக் கருவியும் எடுப்பதற்கு முன்பே, ஒரு கூற்று நம்பத்தக்கதா என்று பிறப்பிடம் சொல்லிவிடுகிறது.

இந்தக் கனிமத்தின் வரலாறும் அவசர அடையாளத்துக்கு எதிராகவே பேசுகிறது. பெரெசோவ்ஸ்கில் 1745இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே தங்க நரம்புகளோடு கிடைத்த செந்நிறக் கல்லை யோஹான் காட்லோப் லேமன் 1766இல் விவரித்தார். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது மரகதப் பச்சை நிறக் கரைசல் கிடைத்ததையும் அவர் கண்டார். ஈயம் இருக்கிறது என்று தெரிந்தது. பச்சை எதனால் வந்தது என்று தெரியவில்லை. அந்தப் பச்சைக்குள்தான் அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமம் இருந்தது. 1789இல் பாரிஸில் லூயி நிக்கோலா வோக்லெனும் மக்கார்ட்டும் சேர்ந்து பகுத்துப் பார்த்து, ஈயம், இரும்பு, அலுமினா என்றார்கள். மாஸ்கோவில் பிண்ட்ஹைம் மாலிப்டினமும் நிக்கலும் கோபால்ட்டும் இருப்பதாகச் சொன்னார். கடைசியில் 1797இல் வோக்லெனே திரும்ப வந்தார். கல்லைப் பொடித்துப் பொட்டாசியம் கார்பனேட்டோடு கொதிக்கவைத்தார். ஈயம் வெண்ணிறக் கார்பனேட்டாகப் பிரிந்து அடியில் தங்க, மேலே மஞ்சள் கரைசல் நின்றது. அதில் பாதரச உப்பைச் சேர்த்தால் சிவந்த வீழ்படிவு, ஈய உப்பைச் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு. அறிந்த எந்தத் தனிமமும் இப்படி நடந்துகொள்வதில்லை. அடுத்த ஆண்டு அதன் ஆக்சைடைக் கரியோடு சூடாக்கி உலோகத்தையே பிரித்தெடுத்தார். அதுதான் குரோமியம். ஐரோப்பாவின் சிறந்த வேதியியலாளர்கள் கையில் கல் இருந்தும் முப்பது ஆண்டுகள் போனது, தேடத் தெரிந்ததை மட்டுமே அவர்கள் தேடியதால். இன்று தொல்லை வேறு. கருவி கண நேரத்தில் விடை தருகிறது. எந்தக் கேள்விக்கான விடை அது என்று நாம் நின்று யோசிப்பதில்லை.

இனி நடைமுறை. குரோக்கோயிட்டோடு குழம்பக்கூடிய செந்நிறக் கனிமங்கள் ஐந்தாறு உண்டு. வனடினைட், வுல்ஃபனைட் இரண்டும் ஈயக் கனிமங்களே. சின்னபார் என்பது பாதரச சல்பைடு, அதாவது இயற்கையாகக் கிடைக்கும் சாதிலிங்கம். ரியால்கர் ஆர்செனிக் சல்பைடு. மினியம் என்பது செந்தூரமாக நாம் அறிந்த ஈய ஆக்சைடின் இயற்கை வடிவம். அது பெரும்பாலும் மண்போன்ற பூச்சாகவே கிடைப்பதால் பளபளக்கும் படிகங்களோடு குழம்பாது. நல்ல படிகம் இருந்தால் கண்ணே பாதி வேலையை முடித்துவிடும். வனடினைட் அறுகோணப் பீப்பாய்களாக வளரும். மொராக்கோவின் மிப்லாடென் மாதிரிகளை ஒருமுறை பார்த்தவர் பிறகு தவறவிட மாட்டார். வுல்ஃபனைட் சதுர வில்லைகளாக வளரும். குரோக்கோயிட் நீள்வாட்டில் வரியோடிய மெல்லிய பட்டகங்களாக வளரும். டண்டாஸ் படிகங்களில் சிலவற்றின் முனை குழலைப்போல் உள்ளே குடைவாக இருக்கும். வைரத்தை ஒத்த மினுக்கம் இதற்கு உண்டு.

கண் தடுமாறும்போது துகள்நிறம் பார்ப்பது வழக்கம். மெருகிடாத பீங்கான் வில்லையில் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம் அது. குரோக்கோயிட் ஆரஞ்சு மஞ்சளாகக் கோடு போடும். வுல்ஃபனைட்டின் கோடு வெண்மை, சின்னபாரின் கோடு இரத்தச் சிவப்பு. இதுவரை தெளிவுதான். ஆனால் ரியால்கரும் ஆரஞ்சு நிறக் கோடுதான் போடும், அங்கே இந்தச் சோதனை கைவிட்டுவிடுகிறது. அப்போது எடை வந்து காப்பாற்றும். பாறையிலிருந்து தானே உதிர்ந்த ஒரு படிகம் காற்றில் 12 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் குரோக்கோயிட் 10 கிராம் காட்டும். இழந்தது 2 கிராம், ஒப்படர்த்தி 6. ரியால்கர் என்றால் ஏறத்தாழ 8.6 கிராம் காட்டும், ஒப்படர்த்தி மூன்றரைதான். சின்னபார் பத்தரை கிராம் காட்டும், ஒப்படர்த்தி 8.1. சமையலறைத் துல்லியத்தில்கூட இவை ஒன்றோடொன்று குழம்பாது. குடைவான படிகத்துக்குள் காற்றுக் குமிழ் தங்கினால் ஒப்படர்த்தி குறைவாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தாய்ப்பாறையோடு ஒட்டிய மாதிரிக்கு இந்த முறை உதவாது; துருவேறிய பாறை தண்ணீரை உறிஞ்சும், ஈரத்தில் படிகங்கள் பிடிவிடும்.

மேலே சொன்னவற்றில் துகள்நிறச் சோதனை கல்லைத் தின்னும் சோதனை. ஒரு படிக முனையைப் பீங்கானில் தேய்ப்பவர், பெயரைத் தெரிந்துகொள்ளும் அதே கணத்தில் விலையில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறார். பெட்டிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் துணுக்கு போதும். அது இல்லையென்றால் அந்தச் சோதனையே வேண்டாம். அமிலச் சோதனைக்கும் இதே விதி. தொடாமல் சோதிக்க வழி இருக்கிறது, அதைத் தந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். 1928இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவை வைத்து இயங்கும் நிறமாலைமானி, லேசர் புள்ளி ஒன்றைப் படிகத்தின் மேல் விழச்செய்து, குரோமேட் தொகுதியின் அதிர்வை 840 அலை எண்ணை ஒட்டி எழும் உயர்ந்த முகடாகக் காட்டும். வனடேட்டும் மாலிப்டேட்டும் வேறு இடங்களில் முகடு காட்டும்; சல்பைடுகளில் இந்த முகடே இராது. லேசரின் திறனை மிகக் குறைவாக வைக்க வேண்டும், கூடினால் செந்நிறப் பரப்பு கருகிவிடும்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் எழும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி கைக்கடக்கமாக வந்துவிட்ட காலத்தில், ஈயமும் குரோமியமும் இருக்கின்றன என்று திரையில் தெரிந்த பிறகு, பிறப்பிடம், மாதிரியோடு வரும் சீட்டு, பழைய கதை எல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தனிமங்களைக் காட்டுவதில் அந்தக் கருவி தேர்ந்தது என்பது உண்மை. ஆனால் தனிமங்கள் கனிமம் ஆகிவிடாது. பீனிக்கோகுரோயிட் என்ற அடர்சிவப்புக் கனிமமும் ஈயக் குரோமேட்தான். அதில் குரோமியத்துக்கு இரட்டிப்பாக ஈய அணுக்கள் இருக்கும். வோக்லெனின் பெயரைத் தாங்கிய வோக்லெனைட்டில் ஈயம், குரோமியத்தோடு செம்பும் பாஸ்பரஸும் உண்டு. இவை பெரெசோவ்ஸ்கில் குரோக்கோயிட்டோடு ஒரே கல்லிலேயே ஒட்டி வளர்பவை. கருவி பார்க்கும் பரப்பில் பக்கத்துக் கலீனாவும் சேர்ந்துவிட்டால் ஈயக் கணக்கைக் கூட்டிக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குரோம் மஞ்சள் என்ற வண்ணப்பொடியும் வேதிமுறையில் ஈயக் குரோமேட்தான். மட்டமான கல்லில் அதைப் பூசியிருந்தாலும் கருவி இதே விடையைத் தரும். ஈய உப்பையும் குரோமேட் உப்பையும் கலந்து ஆய்வுக்கூடத்தில் செய்த பொருளையும் நிலத்தில் விளைந்ததையும் வேதிச்சூத்திரம் பிரித்துக் காட்டாது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை அமைப்பைச் சொல்லும்; விளைந்த இடத்தை அதுவும் சொல்லாது.

விளைந்த இடத்தைத் தாய்ப்பாறைதான் சொல்லும். டண்டாஸ் மாதிரிகள் பழுப்பும் கறுப்புமாகத் துருவேறிய, பஞ்சுபோல் பொந்துகள் நிறைந்த இரும்பு மாங்கனீசுப் பாறையில் அமர்ந்திருக்கும். அந்த ஊரின் பெயரையே பெற்ற டண்டாசைட் என்ற கனிமம் வெண்பட்டு இழைக் கொத்தாகப் பக்கத்தில் இருக்கலாம். பெரெசோவ்ஸ்க் மாதிரிகள் பெரும்பாலும் வெண்குவார்ட்ஸ் நரம்புத் துண்டில், குறுகிய படிகங்களாக, சில வேளை கரும்பச்சை வோக்லெனைட்டோடு இருக்கும். படிகத்தைத் தாய்ப்பாறையிலிருந்து பெயர்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, பளபளவென்று கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர் இந்தச் சாட்சியை ஒழித்துவிடுகிறார்.

விலைக்கு வருவோம். டண்டாஸ் வட்டாரத்து அடிலெய்டு சுரங்கம் வெள்ளிக்கும் ஈயத்துக்கும் தோண்டப்பட்டது. அந்தக் காலத்தில் குரோக்கோயிட் பக்கத்து ஸீஹான் உருக்காலையில் உருகுபொருளாக உலைக்குள் போனது. இன்று அதே வட்டாரத்தில் மாதிரிகளுக்காகவே சுரங்கம் நடக்கிறது; 2000ஆம் ஆண்டு டாஸ்மேனியா இதைத் தன் மாநிலக் கனிமமாக அறிவித்தது. உலகின் நல்ல மாதிரிகளில் மிகப் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது என்பதால் சிறு துண்டுகள் சில பத்து டாலருக்கே கிடைக்கின்றன. ஆக 'அபூர்வக் கனிமம்' என்ற பெயருக்காக யாரும் பெரும்பணம் தர வேண்டியதில்லை. பணம் போவது நிலைக்கு. பல சென்டிமீட்டர் நீளமுள்ள படிகம், இரு புறமும் முகம் உடையாமல், நிறம் மங்காமல், தாய்ப்பாறையில் இயல்பாக நிற்கும் மாதிரிகள் மிகக் குறைவு. கல்லின் மென்மையும் எளிதில் ஒடியும் இயல்பும் சேர்ந்து, சுரங்கத்திலிருந்து வீடு வரும் வழியிலேயே பெரும்பாலானவற்றை நொறுக்கிவிடுகின்றன. உடைந்ததை ஒட்டவைத்து விற்பதும் உண்டு. பல ஒட்டுப்பசைகள் புற ஊதா விளக்கில் நீலவெண்மையாக ஒளிரும். உருப்பெருக்கியில் வரிகள் ஒரு கோட்டில் சட்டென்று திசை மாறுவது தெரியும். ஒட்டியது தவறில்லை, ஒட்டியதை மறைப்பது தவறு. ஒட்டுக்குத் தக்கபடி விலை இறங்க வேண்டும்.

ஒளியையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிச்சத்தில், குறிப்பாகப் புற ஊதா ஒளியில், நெடுங்காலம் இருந்த குரோக்கோயிட் தன் ஊடொளியையும் பிரகாசத்தையும் இழக்கிறது என்பது சேகரிப்பாளர்கள் நன்கறிந்தது. வான் கோவின் ஓவியங்களில் குரோம் மஞ்சள் கறுத்துப்போவதை 2011இல் எக்ஸ் கதிர் ஆய்வுகள் விளக்கின. ஆறு இணைதிறன் குரோமியம் மேற்பரப்பில் மூன்றுக்கு இறங்குவதே காரணம். சல்பேட் கலந்த வண்ணமே அதிகம் கெடுகிறது, தூய ஈயக் குரோமேட் ஓரளவு உறுதியானது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரியவந்ததுதான். அதை வைத்துக் கனிமத்தைச் சன்னலோரம் வைக்கலாம் என்று துணிய வேண்டாம். இருட்டான இழுப்பறையில் வைக்கக் காசு செலவில்லை.

சந்தை விலைக்கு நேர்மாறாக மதிப்பிட வேண்டிய மாதிரிகளும் உண்டு. பெரெசோவ்ஸ்கிலிருந்து வந்த விரற்கடை அளவுத் துண்டு, டண்டாஸ் கொத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படாது. ஆனால் ஒரு தனிமம் பிறந்த ஊரிலிருந்து, பதினெட்டாம் நூற்றாண்டுச் சீட்டோடு அது வந்திருந்தால், அருங்காட்சியகத்துக்கு அதன் மதிப்பே வேறு. சீட்டைப் பிரித்துவிட்டால் அது சில டாலர் துண்டு. சீட்டுகள் பொய் சொல்லுமே என்பார்கள். சொல்லும். விலை கூட்டுவதற்காகவே பெரெசோவ்ஸ்க் என்று எழுதி ஒட்டுபவர்கள் இருக்கலாம். அதற்காகச் சீட்டைத் தூக்கி எறிவது சரியான பதில் ஆகாது. பாறையோடு ஒப்பிட்டு அதைச் சோதிக்க வேண்டும். சீட்டு ஒன்று சொல்லி, துருவேறிய பொந்துப் பாறை வேறொன்று சொன்னால், பாறையைத்தான் நம்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால், எந்தக் கருவியும் தனியே தர முடியாத உறுதி கிடைக்கிறது. வாங்குபவர் கொடுப்பதுதான் விலை, இதில் ஆய்வுக்கு என்ன இடம் என்போருக்கும் இதுவே பதில். வாங்குபவர் எதற்குக் கொடுக்கிறார் என்பதைச் சோதித்துச் சொல்ல முடியும். முனை முழுமையா, ஒட்டு உண்டா, பாறை பொருந்துகிறதா என்பவை ரசனையைச் சார்ந்தவை இல்லை.

உடல்நலத்தைப் பற்றி ஒரு சொல். ஈயக் குரோமேட் நஞ்சு. ஈயத்தின் கேடும் ஆறு இணைதிறன் குரோமியத்தின் கேடும் ஒன்றில் சேர்ந்தது. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற இதே சேர்மத்தைக் கலந்தார்கள் என்பதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளிக்கொணர்ந்தார்கள். சோற்றோடு ஈயம் உடலுக்குள் போனது. படிகமாக இழுப்பறையில் இருக்கும் வரை பயமில்லை. அறுப்பதும் அரைப்பதும் பொடிப்பதும் கூடாது. தொட்ட பின் கை கழுவ வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

அதனால், செந்நிறக் கனத்த கல் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், விலை கேட்கப் புறப்படுவதற்கு முன் அதைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், பாறையிலிருந்து பெயர்க்காதீர்கள். கூட வந்த சீட்டு, பெட்டி, ரசீது எதையும் எறியாதீர்கள். யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லி வந்தது என்பதைத் தாளில் எழுதித் தேதி போட்டு அதே பெட்டிக்குள் வையுங்கள். பிறகு நிலவியல் துறை உள்ள ஒரு கல்லூரியில், கல்லைச் சேதப்படுத்தாமல் ராமன் சோதனை செய்து தர முடியுமா என்று கேளுங்கள். அந்த முடிவும் நீங்கள் எழுதிய தாளும் சேர்ந்து இருந்தால்தான் விலை சொல்பவரின் பேச்சை உங்களால் சரிபார்க்க முடியும்.